வால் முளைத்த வீடு

சிரிக்கக் கூடாது. இப்போது சிரித்தால் மானம் போய்விடும். வேறு எதையாவது நினை. பல் டாக்டரின் நாற்காலியை நினை. வீட்டில் கேஸ் தீர்ந்துபோனதை நினை. எதை வேண்டுமானாலும் நினை, செருப்புக்குள் இருக்கிற மணலை மட்டும் நினைக்காதே.

நினைத்துவிட்டாள். மேசைக்கு அடியில் கால்விரல்களை மடக்கியதும் விரலிடுக்கில் நறநறவென்றது. அந்த நறநறப்பு முழங்கால் வழியாக ஏறி, வயிற்றுக்கு வந்து, குலுக்கிய சோடா பாட்டில்போலப் பொங்கிக்கொண்டு நின்றது. வீடுகளை வடிவமைக்கிற வேலையில் பாதி ஆயுளைக் கழித்தவள். தலையில் சாயம் பூசாத நரை எட்டிப் பார்க்கிறது. அப்படிப்பட்டவள் அலுவலகக் கூட்டத்தில் கடைசி பெஞ்சுப் பெண்ணைப்போல் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

எதிர்ச் சுவரில் புரொஜெக்டரிலிருந்து ஒரு படம் விழுந்திருந்தது. வெறும் மணல்வெளியில், உயரமான கால்களின் மேல் ஒரு நீளமான சின்ன வீடு. நேராகக் கடலைப் பார்த்து நிற்க வேண்டியது, கோபித்துக்கொண்ட சம்பந்திபோல ஒரு தோளைத் திருப்பிக்கொண்டு நின்றது. அதன் பின்னாலிருந்து ஒரு மணல் மேடு கிளம்பி, சாய்வாக, மெலிந்து மெலிந்து நீண்டு போயிருந்தது.

"இது என்ன?" என்றார் முதலாளி.

"வீடு சார்" என்றார் பிளான் வரைகிறவர்.

"வீடுன்னு எனக்கும் தெரியும்யா. பின்னாடி இருக்கே, அது?"

"மணல் சார்."

"யார் கொட்டினது?"

"காத்து சார்."

அவள் இருமினாள். இருமல் நன்றாக வரவில்லை. பூனை தும்மியதுபோல் இருந்தது. முதலாளி தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் தள்ளினார். நல்ல மனிதர். யாருக்கு இருமல் வந்தாலும் முதலில் தண்ணீர் கொடுப்பவர் அவர்தான். அதனால்தான் அவரிடம் எதையும் மறுத்துப் பேச முடியாமல் போகிறது என்று அவள் அடிக்கடி நினைத்துக்கொள்வாள். கெட்டவரிடம் சண்டை போடலாம். தண்ணீர் கொடுக்கிறவரிடம் என்ன செய்வது?

நடந்தது இதுதான். அந்தக் கரையில் முன்பு ஒரு தெரு முழுக்க வீடுகள் இருந்தன. வாசலுக்கும் கடலுக்கும் நடுவே இருந்த மணல்மேட்டை, பார்வைக்கு இடைஞ்சல் என்று யாரோ ஒரு காலத்தில் சமப்படுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு கடல் வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்து, ஒரு மழைக்காலத்தில் தெருவையே வாரிக்கொண்டு போய்விட்டது. வீடிழந்தவர்களுக்குப் புதிய வீடுகள் கட்டித்தரும் வேலை இவர்கள் அலுவலகத்துக்கு வந்தது. வடிவமைத்தவள் அவள். கால்களின் மேல் நிற்கும் வீடு. அடியில் காற்று தாராளமாகப் போய்வரும். போகிற போக்கில் தான் சுமந்துவரும் மணலைக் கீழே போடும். போட்ட மணல் மேடாகி மறுபடியும் கடலைத் தடுக்கும். கடலோடு மல்லுக்கு நிற்கச் சுவர் எழுப்பாமல், காற்றைக் கூலி இல்லாத வேலையாளாக வைத்துக்கொள்வது. இதுதான் திட்டம்.

அந்தக் கரையில் காற்று கடலிலிருந்து நேரே வராது. கரையை ஒட்டிச் சாய்வாக ஓடிவரும். வீட்டின் அகலமான பக்கத்தில் அது வந்து மோதினால் சுழன்று, கால்களுக்கடியில் பள்ளம் பறித்து, மணலைத் தூக்கிச் சாலையில் வீசிவிட்டுப் போகும். வீட்டைச் சற்றே திருப்பி, ஒடுங்கிய பக்கத்தைக் காற்றுக்குக் கொடுத்தால் வழுக்கிக்கொண்டு போய்ப் பின்னால் மணலை இறக்கிவைக்கும். இது அவளுக்குத் தெரியும். தெரியும் என்றுகூடச் சொல்ல முடியாது, சந்தேகப்பட்டாள். சந்தேகத்தை ஒரு கூட்டத்தில் வாய்விட்டும் சொன்னாள்: "கொஞ்சம் திருப்பி வெச்சா..."

"கடல் தெரியாத வீட்டுல யார் மேடம் இருப்பா?" என்றார் முதலாளி. "ஹால்ல உட்கார்ந்தா கடல் தெரியணும். நேரா வெச்சிடலாம். சரியா?"

"சரி சார்."

பிளானில் வீடு நேராகத்தான் இருந்தது. அதைத் திருப்பியது ஓர் அம்புக்குறி.

அவர்கள் அலுவலகத்தின் பின்னறையில் ஒரு பெரிய மேசை உண்டு. மேலே மணல் பரப்பி, ஒரு பக்கத்தில் மேசை விசிறியைத் திருகாணி போட்டு இறுக்கியிருந்தார்கள். அட்டையில் செய்த சின்ன வீடுகளை மணலில் வைத்து விசிறியைப் போடுவார்கள். அந்த மேசையோடு மாரடித்து, பிளான் வரைகிறவருக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. எந்தத் தாளை எடுத்தாலும் மூலையில் பெரிதாக ஓர் அம்பு போட்டுவிடுவார். காற்று எங்கிருந்து வருகிறது என்று காட்டும் அம்பு. ஊர் உலகத்தில் எல்லாரும் வடக்கைக் காட்டும் அம்பு போடுகிற அதே மூலையில்.

மேஸ்திரி அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, திசைகாட்டியைப் பார்த்து, அம்பு காட்டிய பக்கத்தை வடக்கென்று எடுத்துக்கொண்டு, நூல் பிடித்துக் கால்களை ஊன்றிவிட்டார். மாதிரிக்கு முதலில் ஒரு வீடு மட்டும் என்பதால் ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் வேறு வீடும் இல்லை. அவள் வேறொரு வேலையாக வெளியூர் போய்த் திரும்பியபோது, கூரையே போட்டு முடித்திருந்தார்கள்.

"அம்பு போட்டா வடக்குன்னுதானேம்மா அர்த்தம்?" என்றார் மேஸ்திரி, கொஞ்சமும் கலங்காமல். "காத்துக்கு எவனாவது அம்பு போடுவானா? காத்து என்ன, சொன்ன இடத்துல நிக்குமா?"

அன்றிலிருந்து பிளான் வரைகிறவருக்கு அம்பு என்றே பெயராகிவிட்டது. அவரும் போனை எடுத்து "அம்பு பேசறேன்" என்று சொல்லும் அளவுக்குப் பழகிவிட்டார்.

வீடு எவ்வளவு திரும்பியிருந்தது என்பதுதான் வேடிக்கை. அவள் ஒரு நாள் பாதி சொல்லி விழுங்கினாளே, கிட்டத்தட்ட அந்த அளவு. அப்போது அவள் அதைக் கவனிக்காததுபோல் இருந்துவிட்டாள். காற்றுக்காலம் வந்தது. அது முடிகிற நேரத்தில், இன்று காலை போய்ப் பார்த்தால் வீட்டுக்கு வால் முளைத்திருக்கிறது. இடுப்பு உயரத்தில் தொடங்கி, அடுத்த வீடு வரவேண்டிய இடம்வரை நீண்ட வால். அவள் செருப்பைக் கழற்றாமல் அதன் மேல் ஏறினாள். ஏறிப் போய், இறங்கி, மறுபடியும் ஏறினாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒருமுறை சறுக்கியும் பார்த்தாள். இதையெல்லாம் யாரிடமும் சொல்ல முடியாது.

"நாளன்னைக்கு அனுமதி கொடுக்கறவங்க வந்து பார்க்கறாங்க" என்று முதலாளி சொல்லிக்கொண்டிருந்தார். "மணல் நடைபாதையையே மூடிக் கிடக்கு. குப்பைமேடு மாதிரி. வண்டி வெச்சு எடுத்துடுங்க. ஒரு வீடு கோணலாயிடுச்சு, போகட்டும். மீதி எல்லாத்தையும் நேரா, கடலைப் பார்த்து வெச்சிடுவோம். அதைக் காட்டி அனுமதி வாங்கிடலாம். சரியா மேடம்?"

"சரி சார்" என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே கேட்டது. வயிற்றிலிருந்த சோடா ஒரே நொடியில் சப்பென்று ஆகிவிட்டது. அம்பு அவளைத் திரும்பிப் பார்த்தார். பென்சிலைச் சீவத் தொடங்கினார். அது ஏற்கெனவே கூராகத்தான் இருந்தது.

*

வீட்டில் அவளும் நாத்தனாரும் மட்டும். கணவருக்குக் கப்பலில் வேலை, வருடத்தில் பாதி நாள் தண்ணீரில். முன்னறையில் நாத்தனார் பியூட்டி பார்லர் நடத்தினாள். அன்று மாலை அவள் உள்ளே நுழைந்தபோது, நாற்காலியில் ஓர் அம்மாள் தலை முழுக்கச் சாயம் பூசி, பிளாஸ்டிக் தொப்பி போட்டுக்கொண்டு காத்திருந்தாள்.

"உன் டிரையரைக் கொஞ்சம் குடேன்" என்றாள் அவள் நாத்தனாரிடம்.

"தலைக்குக் குளிச்சீங்களா அண்ணி?"

"தலைக்கு இல்ல. வீட்டுக்கு."

கைப்பையிலிருந்து மதிய சாப்பாட்டு டப்பாவை எடுத்துத் திறந்தாள். உள்ளே கடற்கரை மணல். நாத்தனார் அதைப் பார்த்தாள், அண்ணியின் முகத்தைப் பார்த்தாள், கிளிப்புகள் வைத்திருந்த தட்டைக் காலி செய்து கொடுத்தாள். அந்தக் குடும்பத்தில் கேள்வியைக் கடைசியில் கேட்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

தட்டில் மணலைப் பரப்பினார்கள். தீப்பெட்டியின் அடியில் குண்டூசிகளைக் குத்திக் கால் வைத்தார்கள். முதலில் வீட்டை நேராக, கடல் பார்த்த மாதிரி. நாத்தனார் டிரையரைச் சாய்வாகப் பிடித்து, சூடில்லாமல், மெதுவாக ஓட்டினாள். தீப்பெட்டிக்கு முன்னால் மணல் குழிந்தது. ஊசிகள் ஆடின. பறந்த மணல் முழுக்கச் சாயக் கிண்ணத்தில் போய் விழுந்தது.

"அது என் சாயம்" என்றாள் தொப்பிக்கார அம்மாள்.

"வேற கலந்து தரேன்மா, ஒரு நிமிஷம். அண்ணி, இப்ப?"

அவள் தீப்பெட்டியைத் திருப்பினாள். ஒரு தோள் அளவு. அலுவலக மேசையில் இதை அவள் ஒருமுறைகூடச் செய்து பார்த்ததில்லை. செய்து பார்த்து, சரியென்று தெரிந்துவிட்டால் பிறகு பேசியே ஆக வேண்டுமே என்ற பயம். டிரையர் உறுமியது. மணல் ஊசிகளுக்கு இடையே நழுவிப் போனது. தீப்பெட்டிக்குப் பின்னால் கோலப்பொடி விட்டதுபோல் ஒரு கோடு விழுந்தது. கோடு தடித்தது. நீண்டது.

"வால்" என்றாள் நாத்தனார்.

"வாலேதான்" என்றாள் தொப்பிக்கார அம்மாள், எழுந்து வந்து குனிந்து. "இன்னொரு பெட்டி வெச்சுப் பாரேன்."

அடுத்த தீப்பெட்டியை வால் முடிகிற இடத்தில் வைத்தார்கள். அதற்கும் வால் வந்தது. மூன்றாவதற்கு நாத்தனார் உதட்டுச்சாய டப்பாவையே வைத்துவிட்டாள். ஒன்றின் வால் அடுத்ததின் காலைத் தொட, தட்டின் குறுக்கே சின்னதாக ஒரு மலைத்தொடர் எழுந்தது. அப்போதுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது. காலையிலிருந்து அடக்கிவைத்த சிரிப்பு, வட்டியும் முதலுமாக. நாத்தனாருக்குத் தொற்றிக்கொண்டது. டிரையர் கைதவறி நேராகத் தட்டின் மேல் ஊத, மூன்று பேர் மேலும் மணல் பொழிந்தது. தொப்பிக்கார அம்மாள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமலே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சாயம் கழுவி அந்த அம்மாள் போன பிறகு, தரையைப் பெருக்கிக்கொண்டே நாத்தனார் கேட்டாள். "இது உங்களுக்கு முன்னாடியே தெரியும்ல அண்ணி?"

"கொஞ்சம்."

"சொல்ல வேண்டியதுதானே?"

"பாதி சொன்னேன்."

"மீதி?"

"மீதிக்குப் பதிலா 'சரி சார்'னு சொல்லிட்டேன். இன்னிக்கும் சொன்னேன்."

நாத்தனார் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றாள். "எவ்வளவு முடி வெட்டட்டும்னு நான் எல்லார்கிட்டயும் கேக்கறேன். ஒருத்தி தோள் வரைக்கும்பா, ஒருத்தி நுனி மட்டும்பா. 'சரி'ன்னு பதில் சொல்ற ஒரே ஆள் நீங்கதான். எதுக்கு சரின்னு இன்னி வரைக்கும் எனக்குப் புரியல."

அவளுக்கும் புரிந்ததில்லை. படுக்கையில் மணலை உதறிவிட்டுப் படுத்தபின், மேலே சுழலும் விசிறியைப் பார்த்துக்கொண்டே அதையே யோசித்தாள். தான் பயந்தவள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். இன்று பார்த்தால் அது பயம் மட்டும் இல்லை. சரி என்று சொல்லிவிட்டால் பிறகு நடப்பதற்கு அவள் பொறுப்பில்லை. நேராக வைக்கச் சொன்னவர் அவர், கோணலாக வைத்தவர் மேஸ்திரி, அம்பு போட்டவர் அம்பு. வால் வளர்ந்ததற்குக்கூடக் காற்றுதான் காரணம். இத்தனை சந்தோஷமும் யாருடையதோ போலவும், அதைத் தான் திருட்டுத்தனமாக ருசிப்பது போலவும் அவளுக்கு இருந்தது. அப்படியும் ருசித்தது. இருட்டில் தனியாகச் சிரித்தாள். பக்கத்து அறையிலிருந்து "தூங்குங்க அண்ணி" என்று குரல் வந்தது.

*

அடுத்த நாள் கரையில் காற்று குதியாட்டம் போட்டது. முதலாளி தொப்பியை ஒரு கையாலும் ஃபைலை மறு கையாலும் பிடித்திருந்தார். கண்ணாடி நழுவியபோது தூக்கிவிட மூன்றாவது கை இல்லாமல் தலையை அண்ணாந்தே பேசினார். அம்புவின் சட்டை பின்னால் பலூன்போல உப்பியிருந்தது. மண் அள்ளும் வண்டி வந்து, வாலின் நுனிக்கு அருகே வாளியைத் தரையில் வைத்துக்கொண்டு நின்றது.

மேலே வீட்டின் அடுப்படி ஜன்னல் திறந்திருந்தது. அந்த வீடு ஒதுக்கப்பட்ட தையல்காரம்மா, கடல் கொண்டுபோன தெருவில் கடைசி வீட்டுக்காரி, ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தாள்.

"வீடு எப்படிம்மா இருக்கு? ஹால்லேர்ந்து கடல் தெரியலைன்னு வருத்தமா?" என்று முதலாளி அண்ணாந்து கத்தினார்.

"ஹால்ல உட்கார எனக்கு எங்க சார் நேரம்? அடுப்புக்கிட்ட நின்னா கடல் தெரியுது. மிஷினையும் இங்கயே கொண்டாந்து போட்டுக்கிட்டேன். அது வருதா வருதான்னு பார்த்துக்கிட்டே தைக்கலாம்."

"எது?"

"கடல்தான். வேற யாரு எனக்கு விருந்தாளி?"

வண்டியின் சத்தத்தில் முதலாளிக்குப் பாதிதான் கேட்டது. சிரித்து வைத்தார். பிறகு அவள் பக்கம் திரும்பினார். "ஆரம்பிச்சிடலாம் மேடம். நீங்க கை காட்டினாதான் வண்டியை எடுப்பானாம். எதுவரைக்கும் அள்ளணும்னு நீங்கதான் காட்டணும்னு சொல்றான்."

அவள் வாலைப் பார்த்தாள். நேற்றைவிட இன்று உயர்ந்திருந்தது. காற்று வந்த பக்கம் வரிவரியாக, துவைத்து உலர்த்திய துணியின் சுருக்கம்போல, மறுபக்கம் வழவழப்பாக. உச்சியில் மணல் புகைபோல் எழுந்து உட்கார்ந்துகொண்டே இருந்தது. நடுவில் ஓரிடத்தில் பச்சையாக ஒரு கொடி இரண்டு இலை விட்டிருந்தது. யாரும் நடாதது. வேர் பிடித்துவிட்டால் அந்தக் கொடி மணலைத் தைத்துவிடும். இன்றைக்கு அள்ளினால், மறுபடி சேர்வதற்குள் காற்றுக்காலம் முடிந்துவிடும். மறுபடியும் வால் வர அடுத்த வருடம் ஆகும். அதற்குள் மற்ற வீடுகள் நேராக நிற்கும். மழைக்காலத்தில் கடல் வரும். ஜன்னலில் நிற்கிறவளுக்கு இரண்டாவது முறை.

"சார்" என்றாள். குரல் காற்றில் போய்விட்டது. "சார், இது குப்பை இல்ல. இதுதான் நாம கட்ட வந்தது."

"என்ன மேடம்?"

"வீடு சும்மா மணலைப் பிடிக்க நட்ட குச்சி மாதிரி. இந்த மேடுதான் வேலை. மீதி வீட்டையும் இதே மாதிரி திருப்பி வெச்சா எல்லா வாலும் சேர்ந்து ஒண்ணாயிடும். நேரா வெச்சா பள்ளம்தான் விழும். எனக்கு இது அப்பவே தெரியும் சார். சொல்லாம விட்டுட்டேன்."

முதலாளி அவளைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். அவள் இவ்வளவு நீளமாகப் பேசி அவர் கேட்டதில்லை. "சரி மேடம், அப்படியே இருக்கட்டும். அடுத்த வருஷம் அதைப் பத்திப் பேசுவோம். இப்போதைக்கு சுத்தம் பண்ணி நாளைக்குக் காட்டிடலாம். மணல்தானே, திரும்ப வரப்போகுது. எனக்காக." தொப்பியை விட்டுவிட்டுப் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார். "வெயில்ல நிக்கிறீங்க. குடிங்க முதல்ல."

தொப்பி உடனே பறந்தது. உருண்டோடி, வாலின் மேல் ஏறி, உச்சியில் ஒரு கணம் யோசித்து, மறுபக்கம் இறங்கி உட்கார்ந்துகொண்டது. காற்று அங்கே அதைத் தொடவே இல்லை. அம்பு அதைப் பார்த்துவிட்டு, தன் சட்டையை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு, பலமாக மூக்கை உறிஞ்சினார். சிரிப்பை அடக்குகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. அவளுக்கும் வயிற்றில் மறுபடியும் அந்த சோடா ஏறத் தொடங்கியது. இந்தமுறை அதை அமுக்க ஒன்றும் செய்யவில்லை.

பாட்டிலை வாங்கி, மூடியைத் திறந்து, நிதானமாகத் தண்ணீர் குடித்தாள். செருப்பைக் கழற்றினாள். கழற்றிய செருப்புகளை ஜோடியாக ஓரத்தில் வைத்துவிட்டு மணலில் ஏறினாள். ஒவ்வொரு அடிக்கும் கால் கணுக்கால்வரை இறங்கியது. தொப்பியை எடுத்து உதறி, முதலாளியிடம் சேர்க்கும்படி, பின்னாலேயே வந்த அம்புவின் கையில் கொடுத்தாள். பிறகு அந்த இரண்டு இலைக் கொடிக்குப் பக்கத்தில், அதை மிதிக்காமல், புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

வண்டியோட்டி தலையை வெளியே நீட்டினான். "எந்தப் பக்கத்திலேர்ந்து எடுக்கட்டும்மா? கை காட்டுங்க."

முதலாளியும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாக இல்லை, அதுதான் கஷ்டம். காத்திருந்தார்.

அவள் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள். காற்று வந்து அந்தக் கைகளின் மேல் பொடிப்பொடியாக மணலை இறக்கத் தொடங்கியிருந்தது.

"இல்ல சார்" என்றாள், மெதுவாக. "நான் காட்டப்போறதில்ல."